பிலோ அக்காவின் ‘தள்ளாடி’

போன கிழமை மொன்றியலுக்கு அடுத்த லொங்குய்யில், என் அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை வாய் திறந்தால் மறுபக்கத்தில் இருப்பவருக்கு ஒரே வேலைதான். “ஓம்… ஓமண்ணை… ஓம் ஓம்…” என்று தாளம் போட வேண்டும். நானும் கால் மணித்தியாலம் போட்டேன். தொலைபேசியை வைத்ததும், பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற மௌட் என்கிற பிள்ளை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு பிரெஞ்சில் கேட்டாள்: “இவ்வளவு நேரமும் எந்த ஆம்பிளையைப் பற்றிக் கதைத்தீர்கள்?”

உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் சொல்கிறேன். அந்த மொழியில் ஆணுக்கான சொல்லை எழுதும்போது முன்னும் பின்னும் சும்மா சில எழுத்துகள் நிற்கும். வாயால் சொல்லும்போது அவையெல்லாம் உதிர்ந்துபோய், கிட்டத்தட்ட எங்கள் ‘ஓம்’தான் மிஞ்சும். ஆமாம் என்பதற்கு நாங்கள் நாள் முழுக்க ஓம் போடுகிறோம். கேட்கிற கியூபெக்காரருக்கு நாங்கள் ஆண், ஆண், ஆண் என்று புலம்பித் திரிகிறோம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறகு எழும்பிப்போய்க் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சோறு அதற்குப் பிறகு இறங்கவில்லை. மௌட்டுக்கு என்ன தெரியும், பாவம். அந்த ஒரு சொல்லால் நான் ஒரு மனுசியின் பன்னிரண்டு வாத்தியங்களை வாயடைக்க வைத்தவள். சொல்லால் கூட இல்லை, அதற்குப் பிறகு இரண்டு நாள் சொல்லாமல் விட்டதால்.

பிலோ அக்காவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணம்தான். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டில் எந்நேரமும் இரண்டு மணம் நிற்கும்: வாடின கோவா இலை, அழிறப்பர்த் தூள். காலையில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் கோவாவும் லீக்ஸும் அடுக்குகிற வேலை அவவுக்கு. பின்னேரம் பென்சிலும் அழிறப்பரும் பியானோவும். பெயர் பிலோமினா, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எனக்குச் சொந்தம் இல்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது அண்ணை வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர்; எட்டாவது ஆளுக்குப் பாய் விரிக்க இடமில்லை. தனியாக இருக்கிற ஒரு தமிழ்ப் பொம்பிளை அறை தருகிறா என்று கேள்விப்பட்டு, அண்ணை என்னைப் பெட்டியோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அவ பின்னேரங்களில் என்ன செய்கிறா என்று விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

பிலோ அக்கா ஜாஸ் வாசிக்கிறவ. வாசிக்கிறவ என்று சொன்னால் பாதிதான். தானே இயற்றுவா. இயற்றியதை எந்த வாத்தியம் எந்த இடத்தில் ஊத வேண்டும், யார் பொறுக்க வேண்டும், யார் யாருக்குக் கீழே மெல்லக் கிடக்க வேண்டும் என்று பிரித்துப் பிரித்து எழுதுவா. பிறகு அந்தப் பன்னிரண்டு பேரையும் தானே முன்னுக்கு இருந்து நடத்துவா. இந்த ஊரில் எங்கள் சனத்தில் அதற்கு முன்னம் ஒரு பெண் இந்த மூன்றில் ஒன்றைக் கூடச் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

பதினாலு வயதில் ஊர்க் கோயிலில் ஓர்கன் வாசிக்கிற மாஸ்டருக்குக் கூகைக்கட்டு வந்தது. மாஸ்டரின் கன்னம் வற்றுவதற்குள் பிலோ அக்கா அந்தக் கதிரையைப் பிடித்துவிட்டா. மொன்றியலுக்கு வந்த புதிதில் தையல் ஆலை. பக்கத்து மெஷினில் இருந்த ஹெய்ட்டி நாட்டு மனுசி தன்னுடைய கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. கோயிலுக்குக் கீழே ஒரு மண்டபம், அதில் ஒரு பழைய பியானோ, பக்கத்தில் ஆளுயரத்துக்கு நிற்கிற டபிள் பேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜோசுவே என்கிற ஹெய்ட்டிக்காரர். அவர்தான் முதல் முதலாக ஜாஸ் கேட்க வைத்தது.

“பூசைப் பாட்டிலை என்ரை இடக்கை ஒரு சொட்டுப் பிந்தினாலும் பீடத்திலை நிக்கிற சுவாமி திரும்பிப் பார்ப்பார்” என்று பிலோ அக்கா எனக்குச் சொன்னா. “இஞ்சை பிந்தி வந்தால்தான் ரசிக்கினம். இதை விட்டிட்டு எங்கையடி போறது?”

போன இடமெல்லாம் வரவேற்பு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தரம் ஒரு ஹோட்டலில் வாசிக்கப் போனபோது வாசலில் வந்த ஆட்கள் தங்கள் குளிர்க்கோட்டுகளைக் கழற்றி அவவின் கையில் கொடுத்தார்களாம். வாங்கி ஒழுங்காகக் கொழுவிவிட்டுப் போய்ப் பியானோவில் இருந்தாவாம். இன்னொரு இடத்து மனேஜர் சீலை உடுத்துக்கொண்டு வந்தால் வடிவாயிருக்கும் என்றாராம். “முதலிலை நீ சீலையோடை பெடல் மிதிச்சுக் காட்டு, பேந்து நான் உடுக்கிறன்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தாவாம். அவர் நன்றி சொன்னாராம். எங்கள் ஆட்கள் இன்னொரு பக்கம். கோயிலில் ஓர்கன் வாசித்த பிள்ளை குடிக்கிற இடத்தில் போய் இருக்கிறாளே என்று ஞாயிறு பூசை முடிந்து வெளியில் வருகிற நேரம் முதுகுக்குப் பின்னால் குசுகுசுக்கும். அவவின் காது நல்ல காது, எல்லாம் கேட்கும்.

பெரிய வாத்தியக்காரர்கள் ஒரு பொம்பிளைக்குக் கீழே ஊத வரவில்லை. வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டா. டிரொம்போன் ஊதுகிறவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். டிரம்ஸ்காரர் போர்த்துக்கீசப் பேக்கரியில் பாண் போடுகிறவர், அவருடைய குச்சிகளில் கூட மா ஒட்டியிருக்கும். மற்றவர்களும் அப்படி ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு வேலை நேரம். அதனால் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததே இல்லை. திங்கள் சாக்சபோன்காரர், புதன் டிரம்பெட்டும் டிரொம்போனும், வெள்ளி மிச்சப் பேர் என்று அந்த நிலக்கீழ் மண்டபத்தில் துண்டு துண்டாகத்தான் ஒத்திகை நடக்கும்.

இதில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். பிலோ அக்கா கோயிலில் பழகின பழக்கத்தில் எல்லாவற்றையும் டோ ரே மியாக, அதுவும் தமிழ் எழுத்தில், சிஆர் கொப்பியில் எழுதுவா. ட ர ம ப ச ல த என்று பக்கம் பக்கமாக ஓடும். வாத்தியங்களின் பெயரையும் எழுத மாட்டா. முதலாவது சாக்சபோன் ‘பெரியக்கா’, இரண்டாவது ‘சின்னக்கா’, மூன்றாவது ‘மச்சாள்’. டிரொம்போன் இரண்டும் ‘மாமா’, ‘சித்தப்பா’. “பெரியக்கா கதைக்கேக்கை மாமா வாய் திறக்கக் கூடாது” என்று ஓரத்தில் குறிப்பு வேறு. நான் யாழ்ப்பாணத்துக் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை பியானோச் சோதனை பாஸ் பண்ணியவள். அந்தச் சொந்தக்காரக் கூட்டத்தை ஐந்து கோட்டில் ஏற்றி, பன்னிரண்டு பேருக்கும் தனித்தனித் தாளாகப் படியெடுப்பது என் வேலை. பெரிய கெட்டிக்காரி என்று நினைக்காதீர்கள். டிரம்பெட்டுக்கு எல்லாச் சுரத்தையும் ஒரு படி ஏற்றி எழுத வேண்டும் என்பதை மறந்துபோய் ஒருதரம் அப்படியே கொடுத்துவிட்டேன். அன்றைக்கு எழும்பின சத்தத்தில் மேலே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஹெய்ட்டிக் கிழவிகள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

அவ எழுதினதிலேயே பெரியது ‘தள்ளாடி’. மன்னாருக்குள் போகிற பாலத்துக்கு முன்னால் தள்ளாடி என்று ஓர் இடம் இருக்கிறது. ஊர் நினைவோ என்று கேட்டேன். “ஊருமில்லை, கீருமில்லை. பேரைப் பார், பேரே ஆடுது” என்றா. ஏழு அடித் தாளத்தில் போகும். எட்டாவது அடிக்குக் காலை வைத்தால் அங்கே படி இருக்காது. பதினாலு நிமிடம். எட்டு மாதம் எழுதினா. நான் இரண்டு மாதம் படியெடுத்தேன், என் நடுவிரலில் இன்னும் அந்தப் பென்சில் காய்ப்பு இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் ஒரு வானொலி நிலையத்தார் பெண்கள் இயற்றிய ஜாஸ் இசைக்கென்று ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போவதாக அறிவித்தார்கள். பெரிய மேடை, நேரடி ஒலிபரப்பு. விண்ணப்பப் படிவத்தை நிரப்பியதும் நான்தான். எங்களுக்குத்தான் தகப்பன் பெயர் ஒட்டிக்கொண்டே வருமே; இங்கே அது குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. கட்டம் சின்னதாக இருந்தபடியால் சூசைப்பிள்ளை என்பதை முழுக்க எழுதி, பிலோமினாவை ஒரு ‘பி’யோடு நிறுத்திவிட்டேன். ஆகமொத்தம், மன்னாரில் கருவாட்டு வியாபாரம் செய்து காலமான சூசைப்பிள்ளை ஐயா மொன்றியலில் ஜாஸ் வாசிக்க விண்ணப்பித்திருந்தார்.

தெரிவாகிவிட்டது என்று கடிதம் வந்தது. பன்னிரண்டு பேரோடும், பதினாலு நிமிடமும். பிலோ அக்கா கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனா. அவவின் வாழ்க்கையில் அவவுடைய பன்னிரண்டு பேரும் ஒரே மேடையில் இருந்து ஊதப்போவது அதுதான் முதல் தரம். இதற்காகத்தான் தையல் ஆலையில் முதுகு வளைந்தது, இதற்காகத்தான் அந்தக் குசுகுசுப்பெல்லாம் கேட்டது.

ஒரு கிழமை கழித்து, வியாழக்கிழமை பகல், நான் மூன்றாவது டிரம்பெட்டின் தாளைத் திரும்பவும் துப்புரவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அடுப்பில் சோறு கொதிக்கிறது, தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் வானொலி நிலையத்து ஆள். படபடவென்று பிரெஞ்சு. நான் அப்போதுதான் பிரெஞ்சு வகுப்பில் மூன்றாவது மாதம். ‘சூசைப்பிள்ளை’ பிடிபட்டது. ‘ஃபாம்’, அதாவது பெண், அதுவும் பிடிபட்டது. இயற்றியவர் பெண்தானே என்று கேட்கிறார், அட, இது எனக்குத் தெரிந்த கேள்வி! ஆமாம் என்பதற்கு வகுப்பில் ‘வீ’ என்று சொல்லத்தான் படிப்பித்தார்கள். சந்தோசத்தில் நாக்கு யாழ்ப்பாணத்துக்கு ஓடிவிட்டது.

“ஓம்!” என்றேன்.

“ஓம்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் சொன்னதைத்தான் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். அடித்துச் சொன்னேன்: “ஓம், ஓம்!”

மெர்சி என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அரசாங்கக் காரியம் ஒன்றைப் பிரெஞ்சில் முடித்த பெருமையோடு சோற்றை வடித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை கடிதம் வந்தது. பிலோ அக்கா வேலைக்குப் போய்விட்டா. வீட்டுக் கடிதங்களை உடைப்பது நான்தான். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். வருந்துகிறோம் என்று இருந்தது. மாலை நிகழ்ச்சி பெண்களுக்கு மட்டுமானது என்று இருந்தது. இயற்றியவர் ஒரு ‘ஹொம்மே’ என்று உங்கள் வீட்டில் உறுதிசெய்தார்கள் என்று இருந்தது. ஹொம்மேயா? இதென்ன கோதாரிச் சொல் என்று அகராதியைப் புரட்டினால் ஆண் என்று போட்டிருந்தது. பிறகு வகுப்பில் சொல்லித் தந்தபடி முன்னெழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுவிட்டு வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்.

ஐயோ கடவுளே. கதிரையில் இருந்தேனா நிலத்தில் இருந்தேனா என்று தெரியவில்லை.

கடிதத்தின் கடைசி வரியில், தவறு ஏதும் இருந்தால் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன் தெரிவிக்கவும் என்று இருந்தது. ஒன்றேகால் நாள் இருக்கிறது. பத்து நிமிடம் நடந்து சந்தைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து, “அக்கா, நான் இப்பிடியொரு விசர் வேலை பாத்திட்டன்” என்று சொல்லியிருந்தால் போதும். அவவின் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. நின்ற இடத்திலிருந்தே ஒரு தொலைபேசி எடுத்திருப்பா. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தை அரிசி வாளிக்குள் புதைத்தேன். அக்கா சமைக்க மாட்டா, அரிசியில் கை வைக்க மாட்டா. நானே பிழைவிட்டேன், நானே சரிபண்ணி, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிடலாம் என்று நினைப்பு.

வீட்டிலிருந்து எடுத்தால் பில்லில் தெரிந்துவிடும் என்ற பயத்தில், மூலையிலிருந்த டெபனர் என்கிற சில்லறைக் கடையின் பொதுத் தொலைபேசிக்குப் போனேன். ஒரு பெண் எடுத்தாள். இந்த முறை ஓம் என்ற சொல்லை வாயால் எடுப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு, “ஃபாம்! ஃபாம் சூசைப்பிள்ளை!” என்று கத்தினேன். அவள் மெதுவாக ஏதோ கேட்டாள். அதில் ‘மடாம் சூசைப்பிள்ளை’ என்று கேட்டது. அப்பாடா, விளங்கிவிட்டது என்று “வீ, வீ!” என்றேன். அந்த மொழியில் பெண்ணுக்கும் மனைவிக்கும் ஒரே சொல் என்பது எனக்கு அப்போது தெரியாது. சூசைப்பிள்ளையின் மனைவி பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எடுத்த செய்தியைச் சொல்வதாகச் சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் பிலோ அக்கா வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டா: “கடிதம் ஏதும் வந்ததே?”

“இல்லையக்கா.”

இவ்வளவுதான் சொன்னேன். அவ தலையாட்டிவிட்டுப் போய்ப் பியானோவில் இருந்து தள்ளாடியின் நடுப்பகுதியை வாசிக்கத் தொடங்கினா. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக எண்ணினேன். சொல்லு, சொல்லு என்று ஏழு அடிக்கும் என் தலைக்குள் அடித்தது. சொல்லவில்லை. புதன்கிழமை காலையும் சொல்லவில்லை. அடுப்புக்கு மேலிருந்த மணிக்கூடு பன்னிரண்டைத் தாண்டியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு நிம்மதி கூட வந்தது என்றால் நம்புவீர்களா? இனிச் சொல்லியும் பிரயோசனமில்லை என்கிற கேவலமான நிம்மதி.

வியாழக்கிழமை ஜோசுவே சந்தைக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த இன்னொரு குழுவுக்கு அந்த இடம் போய்விட்டதாம். பிலோ அக்கா வேலையை இடையில் விட்டுவிட்டு வந்தா, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல்.

“என்ன நடந்தது, பிள்ளை?”

நான் வாளிக்குள் கையைவிட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அரிசி நிலமெல்லாம் கொட்டியது. அவ அதை ஏன் என்று கேட்கவில்லை. வாசித்தா. இரண்டாம் தரமும் வாசித்தா.

“இது எப்ப வந்தது?”

“இண்டைக்குத்தான்” என்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வானொலி நிலையத்துக்குப் போனோம். மெட்ரோவில் அவ கொப்பிகளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்தா. ஆணா பெண்ணா என்று சந்தேகப்பட்டவர்கள் எழுதினதும் நீதானா என்று சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு. நிகழ்ச்சிக்குப் பொறுப்பான அம்மா நல்ல மனுசி. எங்களைக் கண்டதும் திகைத்துப் போனா.

“மன்னியுங்கள் மடாம், நாங்கள் உங்கள் வீட்டுக்கே எடுத்துக் கேட்டோம். ஆண் என்று இரண்டு தரம் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவியும் தொலைபேசியில் வந்தார். ஆனால் திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. புதன் மத்தியானம் வரை வைத்திருந்துவிட்டுத்தான் இடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்தோம்.”

“யாருடைய மனைவி?” என்று பிலோ அக்கா கேட்டா.

“மிஸ்டர் சூசைப்பிள்ளையின் மனைவி.”

“அது என் அப்பாவின் பெயர். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை” என்றா. பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்துத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டா. “செவ்வாய்க்கிழமையோ?”

“ஓம் அக்கா” என்றேன்.

எதிரில் இருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தா. என்னைப் பார்த்தா, பிலோ அக்காவைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா. “இப்போது என்ன சொன்னாய்? அதை இன்னொரு தரம் சொல்லு” என்றா. சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டா. முதலில் சிரிப்பு வந்தது அவவுக்கு, பிறகு கண் கலங்கியது. பிலோ அக்கா சிரிக்கவில்லை. அவ இன்னும் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தா.

கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்க முடியாது. வாங்கச் சொல்லி பிலோ அக்காவும் கேட்கவில்லை. அதுவும் ஒரு பெண் நடத்துகிற குழு. மேடையில் ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுவதற்கு எட்டு நிமிடம் இருக்கிறது, அந்த நேரத்தில் பியானோவில் தனியாக வாசிக்கலாம், இதற்கு மேல் என்னால் முடியாது என்றா அந்த அம்மா.

“இது பன்னிரண்டு பேருக்கு எழுதினது.”

“தெரியும் மடாம்.”

பிலோ அக்கா மடியிலிருந்த கொப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கினா. வேண்டாம் என்று சொல்லப் போகிறா என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அவ கையை நீட்டிப் பேனையை வாங்கி, பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதினா. பிலோமினா என்று, ஒவ்வோர் எழுத்தும் பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போகும்படி.

வீட்டுப் படியில் ஏறும்போதுதான் என்னோடு கதைத்தா. “பிழை விட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அது சிரிக்கிற பிழை. நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பன். ரெண்டு நாள் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடியடி இருந்தாய்?”

நான் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தேன்.

எட்டு நிமிடம் வாசித்தா. நான் மேல் வரிசையில் இருந்தேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது. வானொலியில் அறிவிப்பாளர், எங்கள் நகரத்தின் முதல் தமிழ்ப் பெண் ஜாஸ் பியானோக் கலைஞர் என்று சொன்னார். எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் பெரியக்கா வர வேண்டிய இடத்தில் வலக்கையின் சின்ன விரல் வந்தது, மாமாவும் சித்தப்பாவும் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில் அது தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்கும் ஜோசுவேக்கும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அழைப்புகள் வந்தன. எல்லாம் தனிப் பியானோவுக்கு. ஒரு பெண், ஒரு பியானோ, அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்று ஒருவரும் கேட்கவில்லை. குழு கலையப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நாள் பின்னேரம் பிலோ அக்கா சொன்னா:

“வாற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் லீவு எடுத்துக்கொண்டு வருகினம். தள்ளாடியை ஒருக்கா முழுசா வாசிக்கப் போறம்.”

“நான் தாளெல்லாம் அடுக்கி வைக்கிறனக்கா.”

“அடுக்கி வை. ஆனா நீ வராதை.”

அவ என் தோளில் கை வைத்தா. “கோவத்திலை சொல்லேல்லை, பிள்ளை. நீ நிண்டா எனக்கு அந்த ரெண்டு நாளும்தான் ஞாபகம் வரும். ஒருக்காத்தானே வாசிக்கப் போறம்.”

அந்தக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. வெளிப் படிக்கட்டில் நின்றாலே எல்லாம் கேட்டிருக்கும். நான் போகவில்லை. ரோசம் என்று அன்றைக்கு நினைத்தேன். வெட்கம் என்று இப்போது தெரிகிறது. அடுப்படித் தட்டுகளை எல்லாம் இறக்கித் துடைத்து ஏற்றினேன், திரும்ப இறக்கித் துடைத்தேன். மூன்று மணிக்கு அவ வந்தா. முகம் சிவந்து, தலைமயிர் எல்லாம் கலைந்து, அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை. “சாப்பாடு இருக்கே?” என்றா. போட்டுக் கொடுத்தேன். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.

பிலோ அக்கா பிறகு டொரொன்டோ போனா, ஐரோப்பாவெல்லாம் போனா. கடைசி வரை கிறிஸ்மஸுக்குக் கார்ட் அனுப்புவா, அதில் என்னைப் பிள்ளை என்றுதான் எழுதுவா. சில வருடங்களுக்கு முன் ஒரு மாரிகாலத்தில் காலமானா. எங்கள் ஆட்களின் பத்திரிகைகள் எல்லாம் அள்ளி எழுதின, எங்கள் இனத்தின் பெருமை என்று. பியானோக் கலைஞர் என்று எழுதினார்கள். பன்னிரண்டு வாத்தியத்துக்கு இசை எழுதியவர் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதுவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? அந்த ஹெய்ட்டிக் கோயிலை விற்று அந்த இடத்தில் மாடிவீடு கட்டிவிட்டார்கள், மண்டபம் இருந்த ஆழத்தில் இப்போது கார் நிற்கிறது. தாள்கள் அந்த மண்டபத்து அலுமாரியோடு போய்விட்டன. கொப்பிகளை அவவின் பெறாமகளிடம், சகோதரியின் மகளிடம், கேட்டேன். ஏதோ பழைய தமிழ்க் கொப்பிகள் இருந்தன, வீடு காலிசெய்தபோது எறிந்துவிட்டோம் என்றாள். பேக்கரிக்காரர் இல்லை. பஸ் ஓட்டியவர் இல்லை. மற்றவர்கள் எங்கே என்று தெரியாது.

ஜோசுவே மட்டும் இருக்கிறார், ஒரு முதியோர் இல்லத்தில். மௌட் அந்தக் கேள்வியைக் கேட்ட கிழமையே, சனிக்கிழமை, அவரைப் பார்க்கப் போனேன். என்னை அடையாளம் கண்டார். சந்தோசத்தில் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போது என் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு, தள்ளாடியைப் பற்றிக் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“ஆ, தலாடி” என்றார். கண்ணை மூடினார். பேஸ் வாசித்த கை கொஞ்சம் அசைந்தது, நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “எனக்கு மறந்துபோகிறது. அந்த நடுப்பகுதி எப்படி வரும்? நீயும் அங்கே நின்றாயே, நீ சொல்லு.”

நான் நிற்கவில்லை என்று அவருக்கு நான் சொல்லவில்லை. மூன்றாவது டிரம்பெட்டின் பகுதியைப் பாடினேன், ஒரு சுரம் பிசகாமல். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “மற்றவர்கள்?” என்றார். பெரியக்காவைப் பாடினேன். மாமாவைப் பாடினேன். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டையும் பாடினேன். ஒவ்வொன்று முடியவும் அவர் அடுத்தது எங்கே என்பதுபோல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் சேர்ந்து வரும் என்று. சேர்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்கவேயில்லை.